கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையா? உணவை மாற்றும் முன் ஒரு பரிசோதனை

சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. வாரத்தில் பாதி நாள் வயிற்றோட்டம். இரத்தசோகை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. குழந்தையாக இருந்தால், உடன் பிறந்தவர்கள் வளர்ந்த அளவுக்கு உயரமும் இல்லை, எடையும் இல்லை.

இப்படி ஒரு வீட்டில் தொல்லை தொடரும்போது யாராவது ஒருவர் "கோதுமையை விட்டுப் பாருங்களேன்" என்று சொல்வார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை அனுப்பி வைப்பார். மருந்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா மல்டி வைட்டமின் வாங்கி வருவோம். சப்பாத்தியையும் பரோட்டாவையும் நிறுத்துவோம். இரண்டு வாரத்தில் கொஞ்சம் சுகம் தெரியும். "இனி டாக்டர் எதற்கு?" என்று விட்டுவிடுவோம்.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கோதுமையை நிறுத்திவிட்டால், அந்தத் தொல்லைக்குக் காரணம் சீலியாக் நோய்தானா என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை பொய்யாகிவிடும். வைட்டமின் மாத்திரை அடையாளங்களை மறைத்துவிடும். இருப்பது சீலியாக் நோய் என்றால், அது வாழ்நாள் முழுவதும் கவனமாக இருக்க வேண்டிய நோய். அரைகுறைப் பத்தியத்தில் அது அடங்காது. இருப்பது வேறு நோய் என்றால், அதற்கான மருந்து கிடைக்காமலேயே நாட்கள் ஓடிவிடும். எனவே இந்த நோய் என்ன, எதை முதலில் செய்ய வேண்டும், உணவும் வைட்டமின்களும் எந்த இடத்தில் வருகின்றன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசையும்போது ரப்பர் போல இழுபடுவதற்கும், பரோட்டா வீசும்போது கிழியாமல் விரிவதற்கும் இதுவே காரணம். பெரும்பாலான மனிதர்களுக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை.

சிலருடைய உடலில் மட்டும், குளூட்டன் சிறுகுடலுக்குள் போனதும் நோய் எதிர்ப்பு சக்தி அதை எதிரி என்று நினைத்து, தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்புறம் பூந்துவாலையின் நூல்களைப் போல நுண்ணிய குடலுறிஞ்சிகள் நிறைந்தது. சாப்பிட்ட உணவிலிருந்து சத்தை இழுப்பது அவைதான். தாக்குதல் தொடர்ந்தால் அவை தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது.

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. கோதுமை அலர்ஜியும் அல்ல. அலர்ஜியில் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வரும். சீலியாக் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் குடலை அரிக்கும். இது எந்த வயதிலும் தொடங்கலாம்.

இந்த நோயை 1888ஆம் ஆண்டு லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் தெளிவாக விவரித்தார். உணவில்தான் தீர்வு இருக்கிறது என்று அவர் அப்போதே கருதினார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகளின் நிலைமை தேறியது. ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் திரும்பியது. கோதுமைமீது முன்பே சந்தேகம் கொண்டிருந்த டிக்கே, தன் ஆய்வுகளைத் தொகுத்து 1950இல் வெளியிட்டார். இன்று வரை இந்த நோய்க்குச் சிகிச்சை அதுதான்: குளூட்டனை முழுமையாக விலக்குவது.

நம் பகுதியில் இது இருக்கிறதா?

உலக அளவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரின் இரத்தத்தில் இருந்தது, தென்னிந்தியாவிலோ 0.10 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது. அவர்கள் கோதுமை உண்கிறார்கள், நாம் அரிசி உண்கிறோம் என்பதே முக்கிய வேறுபாடு.

இதிலிருந்து நாம் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நம் ஊரில் வயிற்றுத் தொல்லை என்றதும் சீலியாக் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணங்கள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டு, நமக்கெல்லாம் இது வராது என்றும் இருந்துவிட முடியாது. இரவுக்குச் சப்பாத்தி, காலைக்குப் பிரெட், கடையில் பரோட்டா என்று நம் தட்டில் கோதுமையும் மைதாவும் கூடிக்கொண்டே போகின்றன. வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்குக் குப்ஸ் அன்றாட உணவாகிவிட்டது.

சஹ்ராவி மக்களின் அனுபவம் இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கது. மேற்கு சஹாராவைச் சேர்ந்த முஸ்லிம்களான இவர்களின் அகதிக் குழந்தைகளை 1999இல் பரிசோதித்தபோது 5.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று. ஒட்டகப் பால், பேரீச்சம்பழம், இறைச்சி என்று இருந்த அவர்களின் உணவில், கோதுமை ரொட்டி முதன்மை இடத்துக்கு வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

வயிற்றோட்டம், வயிறு உப்புதல், எண்ணெய்ப் பசையுடன் துர்நாற்றமடிக்கும் மலம், எடை குறைதல் ஆகியவை எல்லோரும் அறிந்த அறிகுறிகள். சிலருக்கு மாறாக மலச்சிக்கலும் வரும். ஆனால் பெரியவர்களில் பலருக்கு வயிற்றில் தொல்லையே இருக்காது. அவர்களிடம் நோய் வேறு வேடத்தில் வரும்.

மாத்திரைக்கு அசையாத இரத்தசோகை அவற்றில் முதலாவது. ஓயாத களைப்பு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், கை கால் மரத்துப்போதல், சிறு விழுகைக்கே எலும்பு முறிதல், முழங்கை முழங்கால்களில் கொப்புளங்களுடன் தாங்க முடியாத அரிப்பு, பற்களின் மேற்பூச்சில் குறை ஆகியவையும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். குழந்தைகளில் வளர்ச்சிக் குறைவு, எப்போதும் சிடுசிடுப்பு, பருவம் எய்துவதில் தாமதம் ஆகியவை தெரியும்.

பெண்களுடைய நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கப்படாத சீலியாக் நோய், கரு தங்காமல் போவதற்கும் கருச்சிதைவுக்கும் காரணமாகும் வாய்ப்பு உண்டு. நம் வீடுகளில் ஒரு மருமகள் சோர்ந்து படுத்தால் "சரியாகச் சாப்பிடுவதில்லை" என்கிறோம். பிள்ளை இல்லையென்றால் குறையை அவள்மீது போடுகிறோம். அவள் சாப்பிடுவது உடம்பில் சேரவில்லை என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. பழி சொல்வதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டை உடலே தாக்கும் நோய், டவுன் சின்ட்ரோம் ஆகியவை உள்ளவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்

பரிசோதனை இரத்தத்தில் தொடங்குகிறது. டி.டி.ஜி-ஐ.ஜி.ஏ என்ற எதிர்ப்பொருளை அளப்பார்கள். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்கு ஐ.ஜி.ஏ என்பதே உடலில் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தும் முதல் பரிசோதனை 'இல்லை' என்று காட்டிவிடும். இரத்தத்தில் அடையாளம் தெரிந்தால், எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சில சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள். குழந்தைகளில் எதிர்ப்பொருள் அளவு இயல்பைவிட 10 மடங்குக்கும் மேல் இருந்து, மற்றொரு இரத்த மாதிரியில் இன்னொரு எதிர்ப்பொருள் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தினால், எண்டோஸ்கோபி இல்லாமலேயே முடிவு செய்யும் முறையும் உண்டு. அதைக் குடல்நோய் மருத்துவர் தீர்மானிப்பார்.

இந்தப் பரிசோதனைகள் அளப்பது, குளூட்டனுக்கு எதிராக உடல் காட்டும் கோபத்தை. குளூட்டனையே நிறுத்திவிட்டால் கோபம் தணியும், எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். அந்த நேரத்தில் பரிசோதித்தால் 'நோய் இல்லை' என்று வரும். ஆகவே பரிசோதனை முடியும் வரை வழக்கமான உணவையே சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் என்ன செய்வது? அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீண்டும் சில வாரங்கள் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்ட பிறகு பரிசோதிக்கச் சொல்வார்கள். தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில், குறைந்தது 6 வாரம் சாப்பிட வேண்டும் என்பது பிரிட்டனில் உள்ள வழிகாட்டுதல். இதை நாமாகச் செய்யக் கூடாது. மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். மரபணுப் பரிசோதனை ஒன்றும் உண்டு. உணவை நிறுத்தியிருந்தாலும் அதன் முடிவு மாறாது. குறிப்பிட்ட மரபணு இல்லையென்றால் சீலியாக் இருக்க வாய்ப்பே மிகக் குறைவு. ஆனால் அந்த மரபணு இருப்பதாலேயே நோய் என்று பொருளல்ல. மூன்றில் ஒருவருக்கு அது இருக்கும், பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

வேறு நோயாகவும் இருக்கலாம்

தென்னிந்தியாவில் நாள்பட்ட வயிற்றோட்டத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ட்ராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டலக் குடல்நோய், சீலியாக்கைப் போலவே குடலுறிஞ்சிகளைத் தேய்க்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை கோதுமையை நிறுத்துவதல்ல. ஆன்டிபயாடிக் மருந்தும் ஃபோலிக் அமிலமும் பி12உம்தான். குடல் காசநோய், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, குடல் அழற்சி நோய்கள், பாலில் உள்ள லாக்டோஸ் செரியாமை, ஐ.பி.எஸ் எனப்படும் குடல் உறுத்தல் ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். கோதுமையை நிறுத்தியதும் சுகம் தெரிவதை வைத்து மட்டும் சீலியாக் என்று சொல்லிவிட முடியாது. ஐ.பி.எஸ் உள்ளவர்களில் சிலருக்கும் கோதுமையைக் குறைத்தால் வயிறு உப்புவது குறையும்.

மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், வேகமாக எடை குறைதல், நிற்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், கை விரல்கள் இழுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவில் சோதனை செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உறுதியான பிறகு: நம் தட்டில் என்ன?

சீலியாக் என்று உறுதியானால் கலங்க வேண்டாம். ரொட்டியே உணவாக உள்ள நாட்டில் வாழ்பவரைவிட நமக்கு இது எளிது. அரிசி, நம் அடிப்படை உணவு, முற்றிலும் பாதுகாப்பானது. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், ஜவ்வரிசி, மரவள்ளி, எல்லாப் பருப்புகளும், கடலை மாவு, உளுந்து, காய், கனி, கீரை, முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர் என எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. இட்லி, இடியப்பம், அரிசிப் புட்டு, பத்திரி, தக்கடி, நெய்ச்சோறு, பிரியாணி, வட்டலாப்பம் என்று நம் வீட்டுச் சமையலில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். விலை உயர்ந்த வெளிநாட்டு 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகள் கட்டாயமில்லை.

விலக்க வேண்டியவை: கோதுமை, மைதா, ரவை, சம்பா கோதுமை, கோதுமை நொய், சேமியா, பார்லி, ரை. இவற்றில் செய்த சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிரெட், பன், பிஸ்கட், கேக், சமோசா, நூடுல்ஸ், பாஸ்தா, கோதுமை அல்வா. கோதுமை சேர்க்கும் ஹலீமும் ஹரீஸும், பார்லியில் செய்யும் தல்பீனாவும் இந்தப் பட்டியலில் சேரும். தல்பீனா நோயாளிக்கு நல்லது என்று அன்போடு செய்து கொடுப்பவர்கள் உண்டு. சீலியாக் நோயாளிக்கு அது தீங்கு செய்யும்.

சில இடங்களில் பெயரே நம்மைக் குழப்பும். ரை என்ற மேலைநாட்டுத் தானியத்தைச் சில மொழிபெயர்ப்புகள் 'கம்பு' என்று எழுதுகின்றன. நம் கம்பு வேறு தானியம், தாராளமாகச் சாப்பிடலாம். 'ராகி பிஸ்கட்', 'ராகி சேமியா', 'மல்டி மில்லட்' என்று பெரிதாக எழுதிய பாக்கெட்டின் பின்பக்கத்தில் கோதுமை மாவும் இருக்கும். கடையில் விற்கும் சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வருபவை. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்ப்பது வழக்கம். பல வகைகளில் அது கோதுமை மாவு. சோயா சாஸிலும் கோதுமை இருக்கும். இலங்கையில் கோதுமை மாவை அவித்துச் செய்யும் இடியப்பமும் பிட்டும் உண்டு. கேட்டுச் சாப்பிட வேண்டும். ஓட்ஸ் பலருக்கு ஒத்துக்கொண்டாலும் கடையில் வருவதில் கோதுமை கலந்திருக்கும். குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிட்ட ஓட்ஸைக்கூட மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குவது நல்லது.

இந்தியாவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதை லேபிளில் தெரிவிப்பதும் கட்டாயம். ஹலால் முத்திரையைத் தேடிப் பார்க்கும் நமக்கு, சேர்மானப் பட்டியலையும் சேர்த்துப் படிப்பது கடினமான பழக்கம் அல்ல.

சமையலறையில் கவனம்

ஒரு துண்டு பிரெட்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, தொடர்ந்து உள்ளே போனாலே சிலருக்குக் குடல் பாதிக்கப்படுகிறது. 'கொஞ்சம் போல' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை என்பது இதனால்தான்.

சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை வார்க்கக் கூடாது. சமோசா பொரித்த எண்ணெயில் வடை பொரிக்கக் கூடாது. சல்லடை, முறம், பூரிக்கட்டை, மரக் கரண்டி ஆகியவற்றில் மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். நோயாளிக்கெனத் தனியாக வைப்பது நல்லது. மாவு மில்லில் கோதுமை அரைத்த உடனே நம் அரிசியைப் போட்டால் கோதுமை மாவும் சேர்ந்து வரும். வீட்டில் அரைப்பதே பாதுகாப்பு. கடையில் தோசை மாவிலும் ஆப்ப மாவிலும் மைதா அல்லது ரவை சேர்ப்பவர்கள் உண்டு. கறிக்குழம்பைக் கெட்டியாக்க மாவு கரைத்து ஊற்றுபவர்களும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் குளூட்டன் இல்லாத சமையலாக ஆக்கிவிட்டால் உம்மாவின் வேலையும் பாதியாகக் குறையும்.

வைட்டமின்கள் எதற்கு, எவ்வளவு?

வைட்டமின் மாத்திரை சீலியாக் நோயைக் குணப்படுத்தாது. குடல் கெட்டிருந்த காலத்தில் உடல் இழந்ததை ஈடு செய்வதே அதன் வேலை. குளூட்டனைச் சாப்பிட்டுக்கொண்டே மாத்திரை விழுங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இரும்புச்சத்தும் கால்சியமும் உறிஞ்சப்படும் முக்கிய இடம் சிறுகுடலின் தொடக்கப் பகுதி. சீலியாக் முதலில் தாக்குவதும் அந்த இடத்தையே. ஆகவே இரத்தசோகையும் எலும்புத் தேய்வும் வருகின்றன. ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவையும் அடிக்கடி குறையும்; சிலருக்கு பி12உம் குறையும். எது குறைந்திருக்கிறது என்று இரத்தத்தில் அளந்து பார்த்து, அதற்கேற்ற அளவில் மருத்துவர் எழுதிக் கொடுப்பதே முறை. நாமாக வாங்கிச் சாப்பிடுவதில் சில ஆபத்துகள் உண்டு.

பி12 குறைந்திருப்பதை அறியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால், இரத்தசோகை சரியானது போலத் தோன்றும். ஆனால் நரம்புப் பாதிப்பு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை வழக்கமாக வாரம் ஒன்றாக எழுதித் தரப்படுவது; அதைத் தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தை மிட்டாய் என்று எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள்.

இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ சாப்பிட்டால் உடலில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை அது சேர உதவும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த இரண்டையும் அதிலிருந்து 4 மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

உணவிலும் சத்து வேண்டும். குடல் ஆற ஆற, ஆட்டு ஈரல், இறைச்சி, மீன், முருங்கைக் கீரை, கொண்டைக்கடலை ஆகியவற்றின் இரும்பும் ஃபோலேட்டும் உடலில் சேரத் தொடங்கும். ஈரலைக் கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் தயிரும் கால்சியம் தரும். பேரீச்சம்பழம் நல்ல உணவுதான். ஆனால் கடுமையான இரத்தசோகையை அது மட்டும் தீர்த்துவிடாது. வெறும் வெள்ளைச் சோற்றிலேயே நின்றுவிட்டால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் குறையும். சிறுதானியமும் பருப்பும் காயும் சேர வேண்டும். தொடக்கத்தில் சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியதும் பெரும்பாலும் அது சரியாகிவிடும்.

கேப்சூல் உறை பற்றிப் பலரும் கேட்பதுண்டு. ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அது எந்த விலங்கு என்று உறையில் பெரும்பாலும் இருக்காது. அதே சத்து மாத்திரையாகவும், சிரப்பாகவும், பொடியாகவும், தாவர உறை கொண்ட கேப்சூலாகவும் கிடைக்கிறது. மருந்தாளரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சந்தேகம் என்று சொல்லி மருந்தையே நிறுத்திவிட வேண்டாம். மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நோன்பு நாட்களில்

பத்தியத்தில் நிலைத்து, உடல் தேறியவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே நோன்பு நோற்கலாம். புதிதாக நோய் கண்டறியப்பட்டு, வயிற்றோட்டமும் கடும் இரத்தசோகையும் உள்ளவரின் நிலை வேறு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உடல் தேறிய பிறகு விட்ட நோன்பை நோற்றுக்கொள்ளலாம். உடல்நிலை தாங்குமா என்பதை மருத்துவரிடமும், மார்க்கச் சட்டம் தம் நிலைக்கு என்ன சொல்கிறது என்பதை ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்வதே சரி. இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டு முடிவெடுப்பது போதாது.

பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் கொண்டு காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் குளூட்டன் இல்லை. கோதுமை நொய், பெருங்காயம், கடை மசாலாப் பொடி சேர்த்திருக்கிறார்களா என்று பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். இஃப்தார் சஹனில் சமோசாவும் வடையும் ஒன்றாக வைக்கப்படும். நோயாளிக்குத் தனித் தட்டு வேண்டும். சஹருக்குச் சோறும் முட்டையும் தயிரும், அல்லது கேழ்வரகுக் களியும் கறியும் நெடுநேரம் தாங்கும். மாத்திரைகளை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

விருந்தும் உறவும்

இந்த நோயில் மிகக் கடினமான பகுதி சமையல் அல்ல, உறவுகள்தான். "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கையில் திணிக்கும் அன்பு நம் சமுதாயத்தில் அதிகம். மறுத்தால் மனம் கோணுவார்கள். ஆனால் அந்த ஒரு துண்டு, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலேயே குடலைப் புண்ணாக்கும். சர்க்கரை நோயாளிக்குத் தனியாக ஒரு டம்ளர் தேநீர் போடும் நாம், இவர்களுக்கும் அதே கரிசனத்தைக் காட்டலாம். வலீமா வீட்டில் பிரியாணியும் தால்ச்சாவும் ஏற்றவையா என்று முன்கூட்டியே பண்டாரியிடம் கேட்டு, பரிமாறும் கரண்டி கலக்கும் முன் ஒரு தட்டு எடுத்து வைத்தால் போதும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் ஆசிரியருக்கும், ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கும் சொல்லி வையுங்கள். பிறந்தநாள் கேக்கையும் பிஸ்கட்டையும் அவர்கள் தவிர்த்துக் கொடுப்பார்கள்.

பெண் பார்க்க வருவோரிடம் இதை மறைக்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். மறைத்தால் அந்தப் பெண் புகுந்த வீட்டில் பரோட்டாவைச் சாப்பிட்டு நோயில் விழுவாள். சொல்லிவிட்டால், பத்தியம் காக்கும் அவள் மற்ற எல்லோரையும் போல ஆரோக்கியமாக வாழலாம், பிள்ளை பெறலாம்.

தொடர்ந்து பார்க்க வேண்டியவை

பத்தியம் தொடங்கிய சில வாரங்களில் வயிறு அமைதியாகும். எதிர்ப்பொருள் இயல்புக்கு வர ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பெரியவர்களில் குடல் முழுதாக ஆற அதைவிட நாளாகலாம். அதனால் சுகம் வந்துவிட்டது என்று பத்தியத்தை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது எதிர்ப்பொருள், ஹீமோகுளோபின், இரும்பு, வைட்டமின் அளவுகள், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பதும், பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தியைப் பார்ப்பதும் நல்லது. குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் குறித்து வாருங்கள். சீராக ஏறும் கோடே பத்தியம் பலிக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

சந்தேகம் உள்ளவர்கள் இன்று செய்ய வேண்டியது இதுதான்: கோதுமையை நிறுத்தாதீர்கள், வைட்டமின் டப்பா வாங்காதீர்கள், அறிகுறிகள் எப்போது தொடங்கின, எந்த மருந்துகள் சாப்பிட்டீர்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். டி.டி.ஜி-ஐ.ஜி.ஏ பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். இல்லை என்று முடிவு வந்தால் வேறு காரணத்தைத் தேடலாம். உண்டு என்று வந்தால், இன்ஷா அல்லாஹ், நம் அரிசிப் பானையும் கேழ்வரகும் இருக்கும் வீட்டில் அதைச் சமாளிப்பது நம்மால் முடியாத காரியமல்ல.